செருப்புக்குக் காவல்

செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். தலைவர்கள் சிலையை அடையாளம் வைத்தே வழி சொல்லும் மதுரையில், கோட்டைத் தாண்டிப் போய் தொட்டுவிட்டு ஓடி வருகிறவனுக்கும் ஒரு ரவுண்டானா கிடைத்தது நியாயம்தான். ஆனால் அந்த இடம் வந்தால் நான் வண்டியைக் கொஞ்சம் முறுக்கிவிடுவேன். மளிகைக் கடையில் பாக்கி வைத்தவன் அந்தக் கடையைத் தாண்டுகிற வேகம். எனக்கும் கபடிக்கும் உள்ள கணக்கு அப்படி.

வாயால் நான் பெரிய ஆட்டக்காரன். டீக்கடையில் யாராவது புரோ கபடி பேச்சை எடுத்தால் போதும், "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவேன். எந்தெந்த ஊர் டீம், யாருடைய பிடி, யாருடைய பாட்டு, எல்லாம் வரும். அந்தக் கதைகளில் நான் எந்த இடத்தில் நின்று ஆடினேன் என்பது மட்டும் வராது. கேட்பவர்களும் இதுவரை நாகரிகமாக விட்டுவிட்டார்கள். இனிமேலும் அவர்கள் நாகரிகத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

வைகையில் தண்ணீர் ஓடாத மாதங்கள்தான் அதிகம். விவசாயிக்கு அது துக்கம், எங்களுக்கு அதுதான் மைதானம். ஆரப்பாளையம் பக்கம் மணலில் காலால் கோடு கிழித்துவிட்டு இறங்குவோம். இன்றைக்கு ஒரு ரைடுக்கு 30 விநாடி என்று கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு மூச்சுதான் கடிகாரம். என் கடிகாரம் நடுக்கோட்டைத் தாண்டியதுமே நின்றுவிடும். "கபடி கபடி" என்று நன்றாகத்தான் கிளம்புவேன். எதிரில் ஏழு பேர் கையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அது "கப்டி... கப்..." என்று தேய்ந்து, கடைசியில் வெறும் காற்றாகிவிடும். நடுவராக நின்ற அண்ணன் கையைத் தூக்கி, "பாட்டு அத்துப்போச்சு, வெளிய வாடா" என்பார். இதைவிட மோசமான இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. பிடிக்க வருகிறவன் முகத்தை அருகில் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். சிரிக்கிறவன் பாட முடியாது.

சரி, பாடத் தெரியாதவனைப் பிடிக்க வைப்போம் என்று இடது கார்னரில் நிறுத்தினார்கள். விஷயம் தெரியாதவர்கள் செய்த காரியம் அது. கபடியில் இடது கார்னர் என்பது சாதாரண இடமில்லை. வலது கைப் பழக்கமுள்ள ரைடர்கள் அதிகம் போய்ச் சேர்கிற பக்கம். அங்கே நிற்பவன் அரை விநாடி முன்னால் இறங்கினால் தலைக்கு மேல் தாண்டிப் போவான், அரை விநாடி பின்னால் இறங்கினால் காற்றைப் பிடிப்பான். கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது ஒரு தனி வித்தை. நான் ஒரு முறை உயிரைக் கொடுத்துப் பாய்ந்து ஒரு கணுக்காலை இறுகப் பிடித்தேன். பிடித்த பிடி விடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அது எங்கள் டீம் கவர் ஆட்டக்காரனின் கால். எதிரணி ரைடர் நின்று நிதானமாக எங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்து போனான்.

அதற்குப் பிறகும் என்னைத் துரத்தாமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், எங்கள் வீட்டில் டிவிஎஸ் 50 இருந்தது.

ஊர்ப் போட்டிகள் எடைக் கணக்கில் நடக்கும். 55 கிலோ, 60, 65 என்று போட்டிருப்பார்கள். எடை பார்ப்பது பெரும்பாலும் அந்த ஊர் ரைஸ் மில் தராசில். மூட்டைகளுக்கு நடுவில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு போட்டிக்கு எங்கள் டீமில் ஆள் குறைந்து, எனக்கே உள்ளே ஆட வாய்ப்பு வந்தது. முதல் நாள் இரவு பட்டினி கிடப்பதாகச் சபதம் எடுத்தேன். மதுரையில் எடையைக் குறைக்க நினைப்பவன் இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் இறங்கக் கூடாது. கொத்துப் பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் யாருடைய சபதத்தையும் கேட்டு நிற்பதில்லை. மறுநாள் தராசு முள் 55-ஐத் தாண்டி நின்றது. காலைக்கடன், எச்சில் துப்பல், மில்லைச் சுற்றி ஓட்டம், எல்லாம் பார்த்தாயிற்று. முள் அசையவில்லை. மில்காரர்தான் ஆறுதல் சொன்னார்: "தம்பி, நெல்லா இருந்தா ஈரப்பதம்னு கழிச்சுருவேன். நீ மனுசனாப் போய்ட்ட."

தொழில்முறை ஆட்டத்திலும் இந்தத் தராசு உண்டு. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோதான் வரம்பு. ஆறடிக்கு மேல் வளர்ந்து, தோளும் தொடையுமாக இருக்கிற ஆள் அந்த எண்ணுக்குள் வருடம் முழுக்க நிற்க வேண்டும். சோற்றைக் குறைத்து, வேர்க்க வேர்க்க ஓடி, தண்ணீரைக்கூட எண்ணிக் குடித்து மேடை ஏறுவார்கள். டிவியில் அவர்களுடைய தொடையைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் தள்ளி வைத்த தட்டைக் காட்டுவதில்லை.

ஒரு அணிக்கு மொத்தம் பன்னிரண்டு பேர். ஏழு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே. அந்த வெளி ஐவரில் நான் நிரந்தரம். என் பொறுப்பு செருப்புகள், சட்டைகள், கைக்கடிகாரங்கள், கழுத்துச் செயின்கள். இதிலாவது ஜெயித்தேனா என்றால், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு போட்டியில் எங்கள் முதல் ரைடரின் புதுச் செருப்பு என் காவலில் இருக்கும்போதே காணாமல் போனது. ஆட்டத்தில் லயித்துவிட்டேன் என்று சொன்னேன். அன்று அவன்தான் ஆட்டநாயகன். கையில் கோப்பையோடு வெறுங்காலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தான். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஏறும்போதுதான் சொன்னான்: "கப்ப நீ வச்சுக்க மாப்ள. செருப்பு கெடச்சாக் குடு."

ஆட்டத்தில் இடமில்லாதவன் ஆட்டத்தைச் சுற்றி இடம் தேடுவான். நான் மைக்கைப் பிடித்தேன்.

மின்னொளிக் கபடியைப் பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலோ, கோயில் பொட்டலோ, பள்ளிக்கூட மைதானமோ கிடைத்தால் போதும். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து இறுக்குவார்கள். பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். சுற்றிலும் கம்பு நட்டுக் கயிறு, நான்கு மூலையிலும் விளக்கு. நாலைந்து மாவட்டத்திலிருந்து வேன்களில் ஆள் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் தொடங்குகிற ஆட்டம் மறுநாள் வெயில் ஏறும் வரைக்கும் ஓடும். கால் இறுதி நடக்கிறபோது முன் வரிசைச் சிறுவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் கட்டி இழுக்கிறவர் மைக் அண்ணன். புள்ளி சொல்ல வேண்டும், ஆளைத் தூக்கிப் பேச வேண்டும், நடுவில் சண்டை வந்தால் அமைதி காக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அன்பளிப்பு அறிவிப்பு. நல்ல ரைடு ஒன்று வந்தால் கூட்டத்திலிருந்து யாராவது நூறோ ஐநூறோ நீட்டுவார். கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தெரு, எல்லாம் மைக்கில் வர வேண்டும். ரூபாயை விட்டாலும் விடுவார்கள், பெயரை விட்டால் விட மாட்டார்கள்.

சோழவந்தான் பக்கம் ஒரு போட்டியில் நான் மைக்கில் இருந்தேன். ஒரு பெரியவர் சீட்டில் எழுதிக் கொடுத்த 501 ரூபாயை, கூட்டத்தின் ஆரவாரத்தில் 5,001 ரூபாய் என்று வாசித்துவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை. ரைடர் அவர் இருக்கும் திசை பார்த்து விழுந்து கும்பிட்டான். பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார், முகத்தில் ரத்தமில்லை. திருத்திச் சொல்லலாம் என்று மைக்கை நெருங்கினால், அவர் மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இனிமே கொறைச்சுச் சொன்னா எங்கப்பா ஊருக்குள்ள நடக்க முடியாதுண்ணே." எங்கோ கடன் வாங்கிக் கட்டினார்கள். அந்த ஊர்ப் பக்கம் நான் இன்றும் முகம் காட்டுவதில்லை.

ஸ்கோர் நோட்டு எழுதப் போய், ஆல் அவுட்டுக்குச் சேர்க்க வேண்டிய இரண்டு புள்ளியைச் சேர்க்காமல் ஓர் அரையிறுதியைச் சண்டையில் முடித்த கதையை இங்கே சொல்லப் போவதில்லை. அதில் நாற்காலிகள் உடைந்தன, அது போதும்.

இத்தனைக்கும் நடுவில் கபடி எங்கள் கண் முன்னால் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க விளையாட்டாகச் சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கு என்பது பஞ்சாங்கத்தில் எழுதி வைத்தது போல் நடந்தது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் திருச்செந்தூர்ச் சீமையின் மணத்தி கணேசன் இருந்தார். அடுத்து அர்ஜுனா விருது. அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' 2025 அக்டோபரில் வந்தபோது முதல் வாரமே போய்விட்டேன். இடைவேளையில் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பையனிடம், "நாங்கெல்லாம் அப்ப ஆடுனவங்கதேன்" என்றேன். அவன் மரியாதையாகத் திரும்பி, "எந்தப் பொசிஷன்ணே?" என்றான். நான் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டேன்.

படம் என்றதும் மதுரைக்காரனுக்கு 'கில்லி'தான் முதலில் வரும். 2004-இல் கபடி ஆட மதுரைக்கு வருகிறான் வேலு. ஆனால் இங்கே யாரையாவது நிறுத்தி, "வேலு மதுரையில் எந்த மேட்ச் ஆட வந்தான்?" என்று கேட்டுப் பாருங்கள். முத்துப்பாண்டி வாங்கிய அடியைச் சொல்வார்கள், தனலட்சுமியைச் சொல்வார்கள், மேட்ச்சைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் ரசனை எப்போதும் ஆட்டத்துக்கு அரை அடி தள்ளித்தான் நிற்கும். நான் மட்டும் விதிவிலக்கில்லை.

2014 ஜூலையில் புரோ கபடி வந்தது. எட்டு அணி, மேட் விரித்த உள்ளரங்கம், கண்ணைப் பறிக்கும் விளக்கு. முதல் ஏலத்தில் அதிக விலை போன ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். அதைக் கேட்டே டீக்கடையில் நாங்கள் வாயைப் பிளந்தோம். 2018-இல் ஒரு கோடியைத் தாண்டினார்கள். 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி வந்ததும் நான் உள்ளூர் நிபுணராக அவதாரம் எடுத்தேன். ஒவ்வொரு வருடமும் "இந்த வருசம் நமக்குத்தேன்" என்பேன். ஒவ்வொரு வருடமும் டீ செலவு எனக்குத்தான்.

2022 ஏலத்தில் பவன் செராவத்தைத் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை யாரும் போகாத விலை. அன்று நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள் அந்தப் பணம் எனக்கு வந்ததாகவே நினைத்திருப்பார்கள். முதல் ஆட்டத்துக்கு எங்கள் வீட்டு டிவியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். ஒரு ரைடரைப் பிடிக்கப் போனவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பி ஆடவில்லை. திண்ணையில் இருந்தவர்கள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அதைவிடக் கேலி, அவர் இல்லாமலே அந்த வருடம் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதி வரை போனது. என் கணிப்பு எந்த ஆளை வைத்து இருந்ததோ அவர் போன பிறகுதான் அணிக்கு மூச்சு வந்தது.

ஆனால் அந்த முழங்கால் என்னை விடவில்லை. ஏலத் தொகை என்பது ஒரு மனிதனின் விலை என்று நாங்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். அது இரண்டு முழங்காலின் விலை.

முழங்காலைப் பற்றிப் பேச எனக்கும் சிறு தகுதி உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 1975-இல் பிறந்தவர். 2016-இல் புரோ கபடியில் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாற்பத்தொரு வயதில். லீக் முழுக்க அவரை வடநாட்டுப் பையன்களும் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்கள். கிட்டத்தட்ட என் வயதுக்காரர் என்ற ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் என் தம்பி மகனுக்கு டோ டச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஒரு காலில் உட்கார்ந்து இன்னொரு காலை நீட்டி, கால்விரலால் எதிராளியைத் தொடுவது அது. உட்கார்ந்தேன், நீட்டினேன். எழுவதற்கு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு எத்தனையோ இரவு தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாகக் கழிந்தது. வீட்டில் தைல வாடை அடிக்கும்போதெல்லாம் மனைவி கேட்பாள்: "சேரலாதன் எந்திரிச்சாச்சா?"

அக்கா மகன் மெல்போர்னில் இருக்கிறான். ஒரு தடவை வரும்போது, நான் பெரிய விளையாட்டுப் பிரியன் என்று யாரோ சொன்னதை நம்பி, அந்த ஊர் ஃபுட்பால் ஒன்றைக் கொண்டுவந்தான். செக்கச் சிவந்த தோல் பந்து, இரண்டு பக்கமும் கூர்த்த நீள்வட்டம். ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்கு எடுத்துப் போனேன். கையாலும் பிடிக்கலாம், உதைக்கலாம், ஆனால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் இன்னொருவனுக்குத் தர வேண்டும். ஓடுகிறவன் பதினைந்து மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இவ்வளவையும் நான் பையன்களுக்கு விளக்கிவிட்டு, ஓடிக் காட்டுகிறேன் பேர்வழி என்று தரையில் தட்டினேன். அது என் பக்கம் வருவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒருவர் பக்கம் போனது. பந்து இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

ஆனால் மருமகன் அந்த ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னது மனதில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில், பதினெட்டில், கிளப்புகள் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுப் பையன்களை எடுத்துக்கொள்ளும். தாய் தகப்பன் ஒரு மாநிலத்தில், பையன் இன்னொரு மாநிலத்தில். அந்த ஆட்டத்தில் சம்பாதிக்க வேறு நாடு கிடையாது. அங்கே இடம் போனால் தொழில் போச்சு. கேட்கக் கேட்க நம் கபடிக்காரன் கதை மாதிரியே இருந்தது. ஒரு வித்தியாசம் சொன்னான். தலையில் அடிபட்டு மூளை குலுங்கியதென்று டாக்டர் சொல்லிவிட்டால், குறைந்தது பன்னிரண்டு நாள் அந்த வீரர் ஆட முடியாது. கேப்டன் கெஞ்சினாலும் முடியாது. 2021-இலிருந்து சட்டமே அப்படி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம பயலுக அப்படியில்ல மாப்ள, முகத்துல சோடாவ அடிச்சுட்டு அடுத்த ரைடு போவாய்ங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

இனி வருவதுதான் கொஞ்சம் சொல்லக் கூசுவது.

வாடிப்பட்டிப் பக்கத்து உறவுக்காரப் பையன் ஒருவன். என்னை மாமா என்பான். இடது கார்னர். நான் நின்று மானம் போன அதே இடம். அவன் நின்றால் அந்தப் பக்கம் ரைடர் வரவே யோசிப்பான். பள்ளி அணி, விளையாட்டு விடுதி, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போனான். கல்லூரியில் கபடிக்காகவே இடம் கொடுத்தார்கள். சனி ஞாயிறுகளில் ஏதாவது ஓர் ஊர் டீம் கெஸ்ட் பிளேயராகக் கூட்டிப்போகும். பஸ் காசு, சாப்பாடு, ஜெயித்தால் கையில் கொஞ்சம். ராத்திரியெல்லாம் மண்ணில் ஆடிவிட்டு வந்து, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கல்லூரி மேட்டில் இறங்குவான். மண்ணில் வழுக்கிப் பிடித்துப் பழகிய கால், மேட்டில் ஷூ போட்டு நிற்கும்போது பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. கிராமத்துப் பையன்கள் பலருக்கு அங்கேதான் லிகமென்ட் போகிறது. அவன் பையில் எப்போதும் கிரேப் பேண்டேஜ் இருக்கும். நான் அவனிடம் அது ஏன் என்று கேட்டதே இல்லை. "நேத்து எத்தன பிடி?" என்றுதான் கேட்பேன்.

புரோ கபடிக்குப் புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முகாமுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. அழைப்பு மட்டும்தான். ஏலத்தில் ஏ பிரிவுக்கு அடிப்படை விலை 30 லட்சம், கடைசியான டி பிரிவுக்கு 9 லட்சம் என்று நான் விரல் நுனியில் வைத்திருந்தேன். அவன் அப்பாவை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்பது லட்சத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் இவ்வளவு, தங்கச்சி நகை இவ்வளவு, மேல் வீடு இவ்வளவு. புது இளம் வீரர்களாக எடுக்கப்படுகிறவர்கள் அந்த ஏலப் பட்டியலில் வருவதில்லை, அவர்களுக்குக் கணக்கே வேறு என்பதை நிபுணர் கவனிக்கவில்லை. கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் விலக்கில் ஃபிளெக்ஸ் வைத்தேன். "புரோ கபடிக்குச் செல்லும் எங்கள் சிங்கமே" என்று பத்தடிக்கு. அவன் படத்துக்குக் கீழே, அளவில் கொஞ்சம்தான் குறைவாக, என் படம். கறுப்புக் கண்ணாடி போட்டு.

பையன் முகாமிலிருந்து திரும்பி வந்தான். எடுக்கவில்லை. இடது கார்னரில் அவனைப் போல் இந்தியா முழுக்க எத்தனையோ பேர் வந்திருந்தார்கள், அதில் பலர் அவனைவிட நாலு விரல் உயரம். அவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் தினமும் பஸ்ஸுக்கு அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். கழற்றச் சொல்லி அவன் கேட்கவில்லை, மாமா மனசு கஷ்டப்படும் என்று. நானாகக் கழற்றவில்லை, என் படம் நன்றாக வந்திருந்தது என்று. கடைசியில் ஆடிக் காற்றுதான் கிழித்துப் போட்டது.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி என்று அணி வைத்திருக்கும் துறைகளும் அவ்வப்போது ஆள் எடுக்கும். ஒவ்வொரு தேர்வுக்கும் சான்றிதழ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்வந்தான். எந்த ஆண்டுச் சான்றிதழ் செல்லும், எந்தப் போட்டி கணக்கில் வரும் என்பதெல்லாம் ஆட்டத்தைவிடக் கடினமான விதிகள். ஒரு வருடம் முழங்கால் வீங்கி, ஓட்டத் தேர்விலேயே வெளியே வந்தான். அடுத்த முறை கிடைத்தது. ஒரு துறை அணியில் வேலை. காலையில் பயிற்சி, மதியம் ஆபீஸ், சீசனில் ஊர் ஊராகப் பயணம். முப்பது வயதைத் தாண்டினால் முழு நேரமும் மேஜை. தொழில்முறைக் கபடிக்காரன் என்று நாம் சொல்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்க்கை இதுதான். கோடி ரூபாய்க்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செய்தி எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும். ஸ்வீட் பாக்ஸோடு போனேன். அவன் அம்மா டீ கொடுத்தார். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "மாமா, ஃபிளெக்ஸ் மட்டும் வேணாம்."

அன்று அவன் முழங்காலைப் பற்றிக் கேட்டேன். முதல் தடவையாக. கால்சட்டையை மடித்துக் காட்டினான். இரண்டு பக்கமும் தையல். ஒன்று, நான் மைக் பிடித்த ஒரு போட்டியில் விழுந்தது. அன்று அவன் நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனபோது, "சிங்கம் சும்மா போகுது, சீக்கிரம் வரும்" என்று நான்தான் அறிவித்திருக்கிறேன். கூட்டம் கை தட்டியிருக்கிறது. அவனும் வந்து ஆடியிருக்கிறான்.

2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊர்ப் போட்டியில், ரைடு போய்ப் பிடிபட்டு விழுந்த இளைஞர் ஒருவர் எழாமலே இறந்துபோனார். அந்த வீடியோ என் போனுக்கும் வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் போட்டிகளில் எனக்கு மைக் தருவதில்லை, நோட்டும் தருவதில்லை. நன்கொடை மட்டும் கேட்டு வருகிறார்கள். கொடுக்கிறேன், பெயர் வாசிக்க வேண்டாம் என்று சொல்லித்தான். உங்கள் தெருவுக்கும் ரசீதுப் புத்தகத்தோடு பையன்கள் வருவார்கள், தை முடிந்தால் நிச்சயம் வருவார்கள். கோப்பை எத்தனை அடி என்று கேட்காதீர்கள். மண்ணில் கல் பொறுக்கியாச்சா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா, தலையில் அடிபட்டவனை உட்கார வைக்க ஆள் இருக்கா என்று கேளுங்கள். இருக்கு என்றால் கேட்டதற்கு மேல் நூறு ரூபாய் சேர்த்தே கொடுங்கள். செருப்பை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.